இரண்டு திரைகள், இரண்டு முடிவுகள்

பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் செம்மலரும் ஃபர்ஹானாவும் ஒரே நாவலைத் தங்கள் கைத்திரைகளில் படித்து முடித்தார்கள். நாள்தோறும் எதையாவது வாங்கியே ஆகவேண்டிய ஒரு நகரத்தில் மாட்டிக்கொண்ட பெண்ணின் கதை அது.

“கடைசியில மதிலேறிக் குதிச்சு ஓடுதாள்லா, எனக்கு அழுகையே வந்துட்டுட்டி” என்றாள் செம்மலர்.

“எந்த மதிலு? அவ வீட்டுக்குத் திரும்பி வந்து, அம்மாகூட சந்தோசமால்லா இருக்கா!”

பேருந்தில் இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். செம்மலரின் கதையில் அந்தப் பெண் சிவப்புக் காலணி அணிந்திருந்தாள். போன வாரம் செம்மலர் இணையக் கடையில் ஆசையாகப் பார்த்த அதே காலணி. ஃபர்ஹானாவின் கதையில் அவள் கையில் ஃபர்ஹானா விரும்பிய கடிகாரம் இருந்தது.

“அப்போ எழுதுனவங்க நெசமா என்னதான் எழுதுனாங்க?” என்றாள் ஃபர்ஹானா.

அந்தக் கேள்வி அவர்களை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்குப் போய், நாவலாசிரியை எஸ்தர் கனகமணியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் இரண்டு முடிவுகளையும் வாசலில் நின்றபடியே படித்தார்.

“ரெண்டுமே நான் எழுதுனது இல்லம்மா. புத்தகத்தை விக்கிற கம்பெனிக்காரங்க, வாசிக்கிற ஒவ்வொருத்தருக்கும் பிடிக்கிற மாதிரி மாத்திருக்காங்க. நான் கையால எழுதுனது உள்ள இருக்கு. ஆனா அது உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லையா?”

தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களுக்குப் பிடிக்காத கதை எதையும் அவர்கள் இதுவரை படித்ததே இல்லை.

“வாசிச்சுக் காட்டுங்க மேடம்” என்றபடி செம்மலர் செருப்பைக் கழற்றினாள்.