ஆறாவது மாடி கஸ்டமர் சப்போர்ட்

“என் பேரு ஜெயராஜ். வயசு இருபத்தி நாலு. இப்ப கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஃபிளாட்டுக்குக் கீழ நிக்கிறேன். ஆறாவது மாடிக்குப் போறேன். ஒரு மணி நேரத்துல நான் பேசலன்னா போலீசுக்கு...”

போனை வாயருகே வைத்து அவன் சொல்லச் சொல்ல, மணப்பாறைக் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் எழுத்தாகப் போய் விழுந்தது. அம்மா உடனே ஒரு பிள்ளையார் படம் அனுப்பினாள்.

“நிறுத்து லா! அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துரப் போவுது,” என்றான் மலேசியாக்காரன் கிஷன். இருவருக்கும் ஒரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை.

“பின்ன என்ன மச்சான்? எந்தக் கம்பெனியில கஸ்டமர வீட்டுக்கு வரச் சொல்றாங்க?”

ஊரில் லீவு முடிந்து கிளம்பும்போது, பாட்டு பென்டிரைவ் என்று நினைத்துத் தங்கை மாதவியுடையதைத் தூக்கி வந்துவிட்டான் ஜெயராஜ். கடைக்குச் சாமிப் பாட்டு ஏற்றுவதற்காக, உள்ளே இருந்ததை எல்லாம் அழித்தும் விட்டான். அழிந்தது அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சிக் கட்டுரை. வேறு பிரதி கிடையாது. திங்கட்கிழமை காலேஜில் கொடுத்தாக வேண்டும்.

அழிந்ததை மீட்க இரண்டு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தான். ‘கோல்ட் ரிட்டர்ன்’ பார்க்கவே பளபளப்பு. பச்சை வட்டம் அழகாகச் சுற்றும். கேள்வி அனுப்பினால் அடுத்த நொடி பதில்: ‘உங்கள் கவலை எங்கள் கவலை.’ ஒன்பது தடவையும் அதே கவலை. மீட்டுக் கொடுத்த ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அடுத்தது ‘மீட்சி’. படம் கிடையாது, கலர் கிடையாது, வெறும் எழுத்து. எதை அமுக்கினாலும் டிங் டிங் என்று ஒரு சத்தம். உதவிக்கு ஒரே ஒரு போன் நம்பர். எடுத்தவள் பேர் புனிதவதி.

“அக்கா, ஸ்கிரீன்ஷாட் அனுப்பிருக்கேன், பாருங்க.”

“அதெல்லாம் வேணாம் தம்பி. என்ன எழுதியிருக்குன்னு ஒரு எழுத்து விடாம படிங்க.”

நான்கு தடவை அனுப்பினான். ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. கடைசியில், “பென்டிரைவக் கொண்டுவந்துருங்க, நானே எடுத்துத் தரேன்,” என்று விலாசம் சொன்னாள்.

“ஸ்கேமர்தான் மச்சான்,” என்றான் கிஷன், லிஃப்டில். “படிக்க வச்சே உன் பாஸ்வேர்ட வாங்கிருப்பா.”

தட்டியதும் கதவு திறந்தது. பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் மூடி, உள்ளே கும்மிருட்டு. நிழலாக ஒரு பெண், கையை நீட்டினாள்.

“கையில வைங்க. அங்கயே நில்லுங்க, தரையெல்லாம் ஒயரு.”

இருட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். கீபோர்டு படபடத்தது. டிங். டிங்.

“டேய், ஸ்கிரீன்கூட எரியல!” கிஷன் அவன் சட்டையை இழுத்தான். “நடிக்கிறா. ஓடிரலாம்!”

“தங்கச்சியோடது மச்சான். அத விட்டுட்டு எங்க ஓட?”

அரை மணி நேரம் கழித்து அவள் குரல் வந்தது. “மாதவி... ஆராய்ச்சிக் கட்டுரை... இருநூத்திப் பன்னெண்டு பக்கம். இதானே? முழுசா இருக்கு.”

ஜெயராஜ் இருட்டுக்குள் எட்டிப் பார்த்தான். “எங்க இருக்குக்கா? ஒண்ணும் தெரியலையே!”

“ஐயோ, மறந்தே போச்சு! சுவிட்ச் உங்க பக்கம்தான் இருக்கு, லைட்டப் போட்டுக்குங்க தம்பி. எனக்குக் காதே போதும், அது தேவைப்படாது.”

கீழே இறங்கியதும் ஜெயராஜ் மறுபடி போனை வாயருகே வைத்தான்.

“கட்டுரை கெடச்சிருச்சு. இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் அந்த அக்காவுக்கு நன்றி சொல்லுங்க. பூப் படம், சாமிப் படம் எதுவும் அனுப்பாதீங்க. வாயத் தொறந்து பேசி அனுப்புங்க.”