கடைசி வரிசை மகோம்பே

"வெள்ளிக்கிழமை விடியக்காலைல போய்ச் சேர்ந்தவரை ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கச் சொல்றீங்களே பாஸ்டர், அவர் என்ன வாழைத்தாரா?" என்று எகிறினார் இமாம் த்வாஹா.

"பேண்டு செட்டு ஞாயித்துக்கிழமைதான் கிடைக்கும். எங்க ஆளை நாங்க சத்தமில்லாம அனுப்ப மாட்டோம்" என்றார் பாஸ்டர் வில்பர்ஃபோர்ஸ்.

"உங்க ஆளா? சனிக்கிழமை தவறாம எங்க ஜெப ஆலயத்துல உக்காந்தவர்யா! இன்னிக்குப் பொழுது சாஞ்சா எங்களுக்கு ஓய்வுநாள். அப்புறம் நான் மண்வெட்டியைத் தொடக்கூடாது" என்று யூத குருவான ரப்பி நப்தலி வானத்தைப் பார்த்தார்.

ஹருணா வெபுகுலு தலையில் அடித்துக்கொண்டான். செத்துப்போன மகோம்பேவின் உயிர் நண்பன் அவன். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் நண்பனை மரியாதையாக மண்ணுக்குள் அனுப்பவேண்டுமே என்பதுதான் காலையிலிருந்து அவன் கவலை.

"பெரியவங்களே, சண்டை போடற நேரமா இது? அவரோட காப்பித் தோட்டத்துலயே அடக்கம். பொழுது சாயறதுக்குள்ள. மூணு பேரும் ஆளுக்கொரு ஜெபம். மைக்கு ஒண்ணுதான் இருக்கு, பிடுங்கிக்காதீங்க."

முணுமுணுத்துக்கொண்டே மூவரும் தலையாட்டினார்கள். மகோம்பே மூவருக்கும் வேண்டியவர் ஆயிற்றே! வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், சனிக்கிழமை நபுகோயே குன்றில் யூதர்களின் ஜெப ஆலயம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். எங்கே போனாலும் கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கும்பிட்டால் மகோம்பே மாதிரி கும்பிடவேண்டும் என்று ஊரே சொல்லும். மூன்று மதத்துக்காரர்களும் ஒரே களத்தில் காப்பிக்கொட்டை காயவைப்பதற்கும் அவர்தான் காரணம்.

மரப்பட்டைத் துணி சுற்றிய உடலைக் குழியருகே வைத்தார்கள். ஜெபங்கள் முடிந்தன. பாஸ்டருடையது மட்டும் கொஞ்சம் நீண்டது, ரப்பி இருமிக் காட்டியதும் நின்றது.

வெபுகுலு மைக்கை வாங்கினான். ஊர் வழக்கப்படி, உடலை இறக்குமுன் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செத்தவருக்கு நெருக்கமானவன்தான் அதைக் கேட்கவேண்டும்.

"மகோம்பே அண்ணனோட யாருக்காவது தீராத கணக்கு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு வந்து யாரும் அவர் குடும்பத்தை இழுக்கக்கூடாது."

எப்போதும் சடங்குக்குக் கேட்கும் கேள்விதான் அது. வெபுகுலு மைக்கைக் கீழே வைக்கப் போனான்.

"ஒண்ணு இருக்கு" என்றாள் நகுடி, மகோம்பேவின் மனைவி.

கூட்டம் திடுக்கிட்டுத் திரும்பியது.

"இவருக்கு ஒரு தம்பி இருந்தான். நாட்டை ஆண்ட ஜெனரல் தப்பிச்சு ஓடின வருஷம், வாழைத்தோட்டத்துல வெச்சு ஒரு சிப்பாய் சுட்டுட்டான். இவர் சருகுக்குள்ள ஒளிஞ்சு கிடந்தாரு, முகத்தைப் பார்க்கல. சுட்டவன் உடனே, 'கடவுளே, என்ன காரியம் பண்ணிட்டேன், மன்னிச்சிடு'ன்னு கதறினானாம். அந்தக் குரல் மட்டும் இவர் காதை விட்டுப் போகல."

வெபுகுலு மைக்கை இறுக்கிப் பிடித்தான். மைக் கீச்சென்று கத்தியது.

"அப்படிக் கதறினவன் என்னிக்காவது கடவுள் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்னு சொல்லுவாரு. எந்த வீடுன்னு தெரியாதே. அதான் மூணுக்கும் போனாரு. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு குரலா கேட்டாரு. இடுப்புல கத்தி இருக்கும்."

"யா அல்லாஹ்!" என்றார் இமாம். ரப்பி பக்கத்தில் இருந்த காப்பிச் செடியைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க பக்தின்னுல்ல நெனச்சோம்..." பாஸ்டருக்கு வாய் குழறியது.

"பக்தியும்தான் பாஸ்டர். குரல் கேட்கப் போன இடத்துல நீங்க சொல்றதும் காதுல விழுமே! கொல்லப் போறேனா, கும்பிடப் போறேனான்னு எனக்கே தெரியல நகுடின்னு ஒரு நாள் சொன்னாரு. அப்புறம் கத்தியை வீட்டுல வெச்சிட்டுப் போக ஆரம்பிச்சாரு."

"ஆள் கிடைச்சானாம்மா?" என்றார் ரப்பி.

"கிடைச்சான். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல கேட்டுச்சு அந்தக் குரல். ராத்திரி பூரா அழுதாரு. மறுநாள் காலைல அவனைத் தேடிப் போய், வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வந்தாரு."

கூட்டம் கொந்தளித்தது. "யாரு அவன்? பேரைச் சொல்லும்மா!"

"பேரைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்ல. கணக்கு தீர்ந்துச்சுன்னு உங்க எல்லார் முன்னாடியும் சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன்."

நகுடி வெபுகுலுவிடம் வந்தாள். அவன் கையிலிருந்த மைக்கை வாங்கி ஆஃப் செய்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, அந்தக் கையில் வைத்தாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"முதல் மண்ணு தம்பி போடறது. அந்தத் தம்பியை இல்லாமப் பண்ணினவன் நீ. அதனால நீதான் போடணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. போடு."