மதுவந்தியின் துண்டு

தொண்ணூற்று நாலு சித்திரையில் மதுவந்தி கல்யாணமாகி இங்கிலாந்து போனாள். கிளம்பிய அன்று காலை அவள் குளித்துத் துவட்டிய துண்டு மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் கிடந்தது. ஊருக்குப் போனவள் துணியை அன்றே துவைக்கக் கூடாது என்று அம்மா காமாக்ஷி அதைத் தொடவில்லை.

துண்டு காயவில்லை. பக்கத்தில் பிழிந்த வடாம் ஒரே வெயிலில் காய்ந்தது. துண்டு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு துவைத்துப் போட்டும் அப்படியேதான்.

மது வாழப்போனது சின்னச் சந்தை ஊர். சந்தை கூடும் புதன்கிழமை மட்டும் தெருவில் ஜனம் தெரியும். ஞாயிறுதோறும் போன் செய்வாள்.

"மழை விடவே மாட்டேங்கறதும்மா. பேச ஒரு மனுஷா கிடையாது. நான் திரும்பி வந்துடட்டுமா?"

"போகப் போகப் பழகிடும்டி" என்று காமாக்ஷி போனை வைத்துவிடுவாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, திடீரென்று பிடித்த மழையில் காமாக்ஷி மாடிக்கு ஓடினாள். கொடியில் எல்லாத் துணியும் தொப்பலாக நனைந்திருந்தது. துண்டு மட்டும் அப்பளம்போல் காய்ந்திருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் போனை எடுத்தாள்.

"எப்படிடி இருக்கே?"

"நன்னா இருக்கேன். இந்த ஊர் பழகிடுத்து." மதுவின் குரல்தான். "நீங்க எப்படி இருக்கேள், மாமி?"