காகித ஷூ

"இதென்னங்க ஷூ, அடியில காகிதம் ஒட்டின மாதிரி? கல்லு குத்தும், ஆணி ஏறும்!" என்றாள் கணக்காளரின் மனைவி.

"குத்தட்டும். பாதம் தரையை உணர்ந்து ஓடினாத்தான் காலுக்குப் பலம்" என்றபடி அவர் நாடாவை இறுக்கினார்.

"வீட்டுப் பக்கம் ஓடுறப்போ போட்டுக்குங்க, யார் வேணாங்கிறா? இன்னிக்கு ஆபீஸ் ஓட்டப்பந்தயம். பழைய ஷூவையே போடுங்க."

"அதைப் போட்டு ஓடி முழங்கால் வலிச்சதுதான் மிச்சம்."

"எல்லாரும் பார்ப்பாங்க. என் மானத்தை வாங்காதீங்க!"

"பார்க்கட்டும். இனிமே செத்தாலும் அதுல காலை விடமாட்டேன்."

பழைய ஷூவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பினார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

மைதானத்தில் மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், நேத்து என் உயரம் இருந்தீங்க. இன்னிக்கு என் புருவம் வரைக்கும்தான் வர்றீங்க. ராத்திரியோட ராத்திரியா சுருங்கிட்டீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கணக்காளருக்குக் காது சூடானது. ஆனாலும் தலை குனியவில்லை.

"சுருங்கல சார், இறங்கிட்டேன். என் பழைய ஷூவுக்குள்ள மூணு இஞ்சு உயரக் கட்டை வெச்சிருந்தேன். இதுதான் என் நிஜ உயரம்!"

சிரிப்பு அடங்கியது.

அந்தக் கட்டையும் போதாதென்று, வெளியே வரும்போதெல்லாம் கணவனைவிட உயரமாகத் தெரியாதபடி தோளைக் குறுக்கியே நடந்து பழகியவள் அவர் மனைவி. இப்போது அவர் பக்கத்தில் வந்து, முதுகை நிமிர்த்தி நின்றாள்.

"நீங்க போய் ஓடுங்க. நான் எங்க நின்னாலும் யார் தலையும் எனக்கு மறைக்காது!"