காலி அட்டைகள்

தங்கை பையைக் கவிழ்த்ததும் மாத்திரை அட்டைகள் டாக்டரின் மேஜைமேல் சரிந்தன. எல்லாம் காலி.

இரண்டு தரையில் விழுந்தன. நான்தான் குனிந்து எடுத்தேன்.

ஒரு மாதம் போட்ட மாத்திரைகளின் அட்டைகளைத் தூக்கிப்போடாமல் கொண்டு வரும்படி போன தடவையே டாக்டர் சொல்லியிருந்தாராம். நாலைந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன். பதினொன்று இருந்தன. பத்து மாத்திரை அட்டை ஒவ்வொன்றும்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி. பன்னிரண்டு வருடமாக. எங்கள் வீட்டில் அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பித்தம் என்றாள் அத்தை. எந்நேரமும் ஃபோனைப் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்றார் அப்பா. கல்யாணமானால் சரியாகிவிடும் என்றாள் பெரியம்மா. கல்யாணம் ஆனது, வலி போகவில்லை. கண்ணில் பவர் மாறியிருக்கும் என்று சித்தப்பா சொன்னதுதான் உச்சம். அவள் வேலை பார்ப்பதே கண்ணாடிக் கடையில், வருகிறவர்களுக்குப் பவர் பார்க்கிற வேலை.

அந்தக் கடை முதலாளியோ, தலைவலி யாருக்குத்தான் இல்லை என்று கேட்டுவிட்டார். இன்னும் ஒரு லீவு போட்டால் வேலைக்கே வர வேண்டாமாம். அதனால்தான் இந்தத் தடவை நானும் கூட வந்தேன். பலமான மருந்தாக ஏதாவது எழுதி வாங்கிவிட வேண்டும் என்று.

டாக்டர் அட்டைகளை வரிசையாக அடுக்கினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஆரம்பத்துல வந்தது ஒற்றைத் தலைவலிதாம்மா. இப்ப தினமும் வலிக்குதே, அது இந்த மாத்திரையால வர்ற வலி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாதத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டுக்கொண்டே போனால், மாத்திரையே வலியைக் கொண்டு வந்துவிடுமாம். உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முதல் இரண்டு வாரம் வலி இன்னும் கூடும், வேலைக்குப் போக முடியாது என்றார்.

தங்கை முகம் வெளிறிவிட்டது. வேலை போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

வலி வரும்போலத் தெரிந்தாலே ஒன்றைப் போட்டுக்கொள் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இந்த யோசனையைப் பெருமையாகவும், சித்தப்பா சொன்ன பவர் கதையைச் சிரிப்பாகவும் டாக்டரிடம் சொல்லலாம் என்றிருந்தேன். நல்ல வேளை, வாயைத் திறக்கவில்லை.

டாக்டருக்குக் கோபம் ஏறிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தனை மாத்திரையை எடுத்துக் கொடுத்த ஆள் யார், எந்தக் கடை என்று கேட்டார். சொன்னால் இன்றைக்கே புகார் எழுதுவதாகவும் சொன்னார்.

"ஞாபகம் இல்ல டாக்டர். வேற வேற கடையில வாங்கினேன்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். சிவந்தது.

டாக்டர் அட்டைகளைத் திரும்பப் போட்டுக் கொடுப்பதற்காக, கசங்கிக் கிடந்த காகிதப் பையை எடுத்து நீவினார். அதில் பச்சை மையில் கடைப் பெயர் அச்சடித்திருந்தது. படித்தார். பக்கத்திலிருந்த தங்கையின் ஃபைலைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே பெயர்.

பிறகு என்னைப் பார்த்தார்.

சொந்தமாக மருந்துக் கடை தொடங்கியபோது தங்கை பெயரைத்தான் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். சீட்டு இல்லாமல் யார் வந்து கெஞ்சினாலும் இந்த மாத்திரையை இரண்டுக்கு மேல் கொடுக்கமாட்டேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் மட்டும் எண்ணிப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

மேஜைக்கு அடியில் அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. எதுவும் சொல்லிவிடாதே என்று அழுத்தினாள்.