காலி காட்டிய முள்

அந்தப் பழைய காரின் பெட்ரோல் முள், காலையில் சாவி திரும்பியதும் பின்னால் இருக்கிற டேங்கைக் கேட்கும். "அண்ணே, எவ்வளவு இருக்கு?"

"பாதி இருக்குடா."

முள் எழுந்து பாதியில் போய் நிற்கும். நாற்பது வருஷமாக அவர்களுக்குள் இதுதான் பேச்சு.

துருப்பிடித்து ஒழுகிய டேங்கை மெக்கானிக் ஒருநாள் கழற்றி ஷெட் மூலையில் போட்டார். டிக்கியில் புது டேங்க் வைத்தவர், முள்ளின் ஒயரை அதில் மாட்ட மறந்துவிட்டார்.

மறுநாள் முள் கேட்டது. பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டது.

"புது டேங்க் வாய் வரைக்கும் நிறைஞ்சிருக்கு. எழுந்திருடா," என்றது பக்கத்திலிருந்த கடிகாரம்.

"அண்ணன் எங்க?"

"ஷெட்டு மூலையில காலியாக் கெடக்கு."

"அப்போ நான் சரியாத்தான் காட்டுறேன்," என்று சொல்லிவிட்டு முள் அடியிலேயே படுத்துக்கொண்டது.