உத்தரவுப் பூ

ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், மேஜையிலேயே உயிர் போகவும் போகலாம். செய்யாவிட்டால் கடைசிவரை இப்படியே கிடப்பார். முடிவை நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று டாக்டர் கைவிரித்ததும், பொன்னாத்தாள் புருஷனைக் கொழுந்தன் பொறுப்பில் விட்டுவிட்டு அம்மனிடம் ஓடினாள்.

பூசாரி அம்மன் நெற்றியில் ஈரச் செவ்வரளி ஒன்றை ஒட்டினார். வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம். இடப்பக்கம் விழுந்தால் கூடாது. பொன்னாத்தாள் இமைக்கவில்லை. பூ நழுவி வலப்பக்கம் விழுந்தது.

வாசலுக்கு ஓடிப்போய்ப் போன் போட்டாள். "அம்மன் உத்தரவு குடுத்துட்டா தம்பி. கையெழுத்துப் போட்டுருங்க."

திரும்பி வந்தபோது பூசாரி முகம் சரியில்லை. "இடது விழுந்திருக்குது. யாருக்கும்மா போன் போட்ட?"

"வலதுதானுங்களே விழுந்துச்சு?"

"உனக்கு வலது. உன்னையப் பாத்து நிக்கறவளுக்கு?"

பொன்னாத்தாள் அம்மனுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, வலது கையை நீட்டிப் பார்த்தாள். பூ அந்தப் பக்கம் இல்லை.

கையில் இருந்த போன் அடித்தது.

"உள்ள கொண்டுபோயிட்டாங்க அண்ணி." கொழுந்தன் குரலில் அன்றுதான் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "இனி பயமில்லீங்க. அம்மன் வாக்கு பொய்க்காது."